ஒற்றையாக வெட்டிய நெகட்டிவ்

ஃபிலிம் ரோலுக்கு ஒரு நாக்கு உண்டு. டப்பியிலிருந்து அது அரை விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல். உள்ளே போய்விட்டால் படம் எடுத்து முடித்த ரோல். எந்த ஊர் ஸ்டுடியோவிலும் இதுதான் சட்டம். இருட்டறையில்கூட விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். கடைத்தெரு முனையில் இருந்த ஸ்டுடியோக்காரர் வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது.

அவர் முடிந்த ரோலைத் திரும்பச் சுற்றும்போது கேமராவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். உள்ளே ஃபிலிம் பல்சக்கரத்திலிருந்து கழன்று 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டால் நாக்கு வெளியே நிற்கும். பிறகு அதே ரோலை மறுபடியும் கேமராவில் போட்டு, எடுத்த படங்களின் மேலேயே இன்னொரு தடவை எடுப்பார். முதல் நாள் பூக்கள், மறுநாள் அவற்றின் மேல் மலைகள். ரோல் மாறிப் போய்விடாமல் இருக்க, ஒருமுறை எடுத்த ரோலின் நாக்கில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பார். அந்தக் கோடு அவருக்கும் அவருடைய கேமராவுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

பிழைப்பு என்னவோ பாஸ்போர்ட் படமும் பள்ளிக்கூட குரூப் படமும்தான். "நேரா பாருங்க, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வாய் காய்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமையானால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். ஷட்டரைக் கால் செகண்டுக்குத் திறந்து வைத்து, உயர்ந்த மரங்களின் முன்னால் கேமராவை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பார். படத்தில் மரங்கள் மழையாக நிற்கும். பூப்பாத்தியின் நடுவில் உட்கார்ந்து லென்ஸின் வளையத்தைத் திருகிக்கொண்டே எடுப்பார். பூக்கள் நாலாபுறமும் தெறிக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து அதன் ஓரத்தில் வாஸலின் தடவுவார். சில நாள் லென்ஸின் மேல் வாயால் ஊதி, ஆவி மறைவதற்குள் எடுப்பார். எல்லாம் கேமராவுக்குள்ளேயே நடக்க வேண்டும், கழுவும்போதோ பிரிண்ட் போடும்போதோ கை வைத்தால் அது படம் இல்லை, மேக்கப் என்பது அவர் கட்சி. ஊரெல்லாம் கை ஆடாமல் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறது, இவர் ஆட்டி எடுக்கக் கற்றுக்கொள்கிறார் என்று அவர் மனைவி சிரிப்பாள்.

நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடும் புகைப்படச் சங்கத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அதற்குத் தலைவர். ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி நடக்கும். அதில் 'கேமராவுக்குள்ளேயே' என்று தனியாக ஒரு பிரிவு, பூக்களுக்கும் இயற்கைக் காட்சிகளுக்கும் மட்டும். பதினோரு வருடமாக ஸ்டுடியோக்காரர் அதில் கலந்துகொண்டு வந்தார். மூன்று தடவை இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு தடவைகூட இல்லை. ஊரில் படம் எடுத்துப் பிழைக்கிற ஒரே ஆளுக்கு, மருந்துக்கடைக்காரரும் தபால்காரரும் முதல் பரிசு வாங்குவதைக் கைதட்டிப் பார்ப்பது எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டார்.

அவர் மனைவி மேட்டுத்தெருவுக்குப் பின்னால் இருந்த நர்சரியில் நாற்று வேலை செய்தாள். காலை ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவாள். பென்சில் தடிமனில் ஒரு குச்சியால் தட்டில் குழி குத்த வேண்டும். முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றை எடுத்து அதில் இறக்க வேண்டும். தண்டைத் தொடக் கூடாது, தண்டு நசுங்கினால் நாற்று போச்சு. இலையின் நுனியைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அப்படி ஒரு நாளைக்கு எண்ணூறு, ஆயிரம். ஈரத்தரையில் முட்டி போட்டுப் போட்டு வலது முழங்கால் மடங்க மறுத்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் நர்சரிக்காரம்மாவுக்கு ஒரு ஆசை வந்தது. ஒவ்வொரு செடிக்கும் பூவின் படம் போட்ட லேபிள், படத்தோடு ஒரு விலைப் புத்தகம். படம் எடுக்க ஆள் தேடலாம் என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது, நாற்றுத் தட்டின் முன்னால் இருந்தவள் தலையைத் தூக்கி, வீட்டில் கேமரா இருக்கிறது, நானே எடுத்துத் தருகிறேனே என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. நர்சரிக்காரம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். படங்கள் நன்றாக வந்தால் லேபிள் அறையையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். லேபிள் அறையில் மேஜை உண்டு, நாற்காலி உண்டு, தரை காய்ந்திருக்கும்.

ஸ்டுடியோக்காரர் பழைய கேமராவைக் கொடுத்தார். மீட்டரின் முள்ளை எங்கே நிறுத்த வேண்டும் என்று கதவோரம் நின்று நாலு வார்த்தையில் சொல்லிக் கொடுத்தார். அவள் இரண்டு நாளில் முப்பத்தாறு பூக்களை எடுத்தாள். எப்படி எடுத்தாள் என்று அவர் கேட்கவில்லை. படம் எடுப்பது முடிந்ததும் கேமராவைக் காதோடு வைத்து, புருஷன் செய்வதைப் பார்த்த பழக்கத்தில் 'டக்' கேட்டதும் கையை நிறுத்தினாள். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரோல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்போல என்று நினைத்து மேஜை இழுப்பறையின் தகர டப்பாவில் வைத்தாள். டப்பாவில் வைத்திருக்கிறேன், கழுவிக் கொடுங்கள் என்று இருட்டறைக் கதவைத் தட்டிச் சொல்லவும் செய்தாள். உள்ளேயிருந்து "ம்" என்று பதில் வந்தது. அவர் அப்போது பள்ளிக்கூட குரூப் படத்துக்குப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தார். அந்த "ம்" எதற்கும் வருகிற "ம்" என்று இருபது வருடம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் இருந்தாள்.

ஞாயிறு விடிகாலையில் டப்பாவில் கைவிட்டு, சிவப்புக் கோடு இல்லாத ரோல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் நீர்த்தேக்கத்துக்குப் போனார். பனி தண்ணீரின் மேல் படுத்திருந்தது. எதிர்ப்பக்கத்து மலை இன்னும் விழிக்கவில்லை. முப்பத்தாறும் எடுத்தார். திங்கட்கிழமை மத்தியானம் கடையைப் பாதி மூடிவிட்டுக் கழுவி, ஃபிலிமைக் கிளிப்பில் தொங்கவிட்டு, விளக்கைப் போட்டார்.  மலைக்கு மேல் சாமந்தி, தண்ணீருக்குள் ஜெரேனியம், வானத்தில் பாதி இலை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தது. யார் ரோல் இது என்று யோசிப்பதற்குள் கண் இருபத்து மூன்றாவது படத்தில் போய் நின்றது.

அதை உடனே பிரிண்ட் போட்டார். ஒரு டேலியா, கருஞ்சிவப்பு, ஒவ்வொரு இதழுக்கும் மெல்லிய வெள்ளை விளிம்பு. பூவைச் சுற்றி ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பில்தான் மலை வந்து உட்கார்ந்திருந்தது. முகட்டுக்கு மேல் பூ முழுதாக எழுந்து நின்றது. நீர்த்தேக்கத்தின் வெளிச்சக் கோடு கீழ் இதழ்களுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே போனது. இரண்டு தடவை ஒளி விழப்போகிறது என்று அவர் எப்போதோ இரண்டு கேமராவின் மீட்டரையும் பாதி ஒளிக்குத் திருகி வைத்தது அப்படியே இருந்ததால் இரண்டும் சமமாக விழுந்திருந்தன. பதினோரு வருடம் கேமராவை ஆட்டியும் திருகியும் ஊதியும் அவர் தேடியது பிரிண்ட் கழுவும் அந்தத் தட்டில், தண்ணீருக்கடியில் கிடந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்தது. அதற்கப்புறம்தான், இழுப்பறை, தகர டப்பா, கதவைத் தட்டிய சத்தம், தான் சொன்ன "ம்", எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

அன்று மாலை அவளிடம் சொல்லிவிடத்தான் இருந்தார். இதை நான் அவருக்காக வக்காலத்து வாங்கிச் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததும் உண்மை, சொல்லாததும் உண்மை. அவள் வந்து பூட்ஸைக் கழற்றினாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் சாப்பாட்டு மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"கழுவியாச்சா? எப்படி வந்திருக்கு?"

அவள் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்தப் படம் தவறிப்போய் விழுந்த படம். அதிலும் பாதி அவளுடையது. சங்கத்தில் அதைக் காட்ட முடியாது. இரண்டு செகண்டுதான், அவ்வளவு நேரத்தில் ஷட்டரைத் திறந்து மூடிவிடலாம்.

"ரோல் போச்சு" என்றார். "கேமராவோட பின்கதவை நீ சரியா மூடல. வெளிச்சம் உள்ள பூந்திருக்கு. ஒன்னுகூட வரல."

"ரெண்டு தடவ அழுத்திப் பார்த்தேனே."

"பார்த்திருந்தா எப்படிப் போகும்?"

மேஜையிலிருந்து மகள் சிரித்தாள். அம்மா கையில் கேமராவைக் கொடுத்தால் இப்படித்தான் என்றாள். மனைவி துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். மறுபடி எடுத்துவிடலாம் என்று கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொல்லிக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தபோது டேலியாக்கள் தண்டிலேயே அழுகித் தலை தொங்கி நின்றன.

நர்சரிக்காரம்மா கோபக்காரர் இல்லை. ஒரு கதவை மூடத் தெரியவில்லை என்றால் மற்றதை எப்படி நம்புவது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். படத்தை இனி அடுத்த வருடம்தான் எடுக்க முடியும். லேபிள் எழுதும் வேலையை நிறுத்த முடியாதே. லேபிள் அறைக்கு வேறொரு பெண் போனாள். இவள் நாற்றுத் தட்டுக்கே திரும்பினாள். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது புருஷனைக் குறை சொல்லவில்லை, தன்னைத்தான் சொன்னாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வீட்டில் பழியும் பாவமும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டன.

அதற்கப்புறம் அவளுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு நாலு அடி நடந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள். அலமாரியை மூடிவிட்டு உள்ளங்கையால் அழுத்துவாள். கேஸ் அடுப்பின் குமிழைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். மகள் அதற்கும் கேலி பண்ணினாள். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஒருநாள் அவள் வாசலுக்கு மூன்றாவது தடவை போனபோது, போதும் மூடியாச்சு என்று எரிந்து விழுந்தார். விழுந்த மறுகணம் தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. அந்த அருவருப்பும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கண்காட்சிக்குப் பிரிண்டோடு நெகட்டிவையும் கொடுக்க வேண்டும், கைவேலை எதுவும் இல்லை என்று சரிபார்ப்பதற்காக. நெகட்டிவை ஆறு ஆறு படமாகத்தான் வெட்டுவார்கள். ஒற்றைப் படமாக யாரும் வெட்ட மாட்டார்கள், பிடிக்க இடமில்லாமல் கீறல் விழும். ஸ்டுடியோவில் வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான். இருபத்திரண்டிலும் இருபத்து நாலிலும் நர்சரிப் பூக்கள் குழம்பிக் கிடந்தன. அவர் கத்தரியை எடுத்து இருபத்து மூன்றை மட்டும் தனியாக வெட்டினார்.  கணக்கு வாத்தியார் அதைச் சின்ன இடுக்கியால் தூக்கிப் பார்த்துவிட்டு, இதென்ன ஒற்றையாக வெட்டியிருக்கிறீர்கள், நீங்களா இப்படி என்று கேட்டார். பக்கத்துப் படங்கள் கீறலாகிவிட்டன என்றார் இவர். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகுக்கு அப்போதே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

முதல் பரிசு கிடைத்தது.

கண்காட்சி அன்று நூலகத்து மாடியில் ஐம்பது பேர்வரை இருந்தார்கள். அரங்கத்தை அலங்கரிக்கத் தொட்டிகள் அனுப்பியது நர்சரிக்காரம்மா என்பதால் பரிசு கொடுக்க அவரையே கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டுடியோக்காரருக்கு இது அன்று காலையில்தான் தெரியும். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் மகள் புதுச் சட்டை போட்டுத் தயாராக நின்றாள். மனைவி தன்னிடமிருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். அதுவரை அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பரிசு கிடைத்தால் காட்டுகிறேன் என்று மறைத்து வைத்திருந்தார்.

படம் நடுச்சுவரில் பெரிதாகத் தொங்கியது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். மற்றவர்கள் வந்து பார்த்து நகர்ந்தார்கள். அவள் பூவைப் பார்த்தாள், பிறகு பூவுக்குப் பின்னால் இருந்த கறுப்பைப் பார்த்தாள். பிறகு வந்து மூன்றாவது வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் பரிசுக்காரர் தன் வித்தையைப் பேசி விளக்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். பேசினார். முதலில் பூவை எடுக்கும்போது பின்னால் கறுப்பு வேண்டும், கறுப்பு என்றால் ஃபிலிமில் காலி இடம், அந்தக் காலி இடத்தில்தான் இரண்டாவது காட்சி குடியேறும் என்றார். அதற்காகப் பூவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு வெல்வெட் துணியைப் பிடித்ததாகச் சொன்னார். பேசப் பேச அவருக்கே அது நடந்ததுபோல் இருந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்து, மலைச்சரிவில் வளைந்து போகிற மெல்லிய கோடு என்ன, பாதையா என்று கேட்டார். ஆமாம், பழைய பாதை, காலை வெளிச்சத்தில் மட்டும் தெரியும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்றாவது வரிசையில் மட்டும் ஒரு தலை ஆடவில்லை. அந்தப் பார்வையைச் சந்தித்தபோதுதான் அவருக்குப் புரிந்தது, அது குடைக்கம்பி. வாசல் மூலையில் எப்போதும் சாத்தியிருக்கும் அவளுடைய கறுப்புக் குடையின் கம்பி. அவள் குடையை விரித்துப் பூவுக்குப் பின்னால் பிடித்து எடுத்திருக்கிறாள். பூ லேபிளில் பளிச்சென்று தெரியட்டும் என்று அவளுக்கே தோன்றிய யோசனை அது. தன் சொந்த யோசனையைத் தன் புருஷன் வெல்வெட் துணியாக்கி ஐம்பது பேர் முன்னால் விற்பதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரிசுக் கோப்பையைக் கையில் எடுத்த நர்சரிக்காரம்மா கொடுக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்க மூணாவது பாத்தி டேலியா" என்றார். "இந்த வெள்ளை விளிம்பு இங்க வேற யார்கிட்டயும் இல்ல. மழைக்கு முன்னாடி நாலே நாள்தான் பூத்துது. நீங்க எப்ப வந்து எடுத்தீங்க?"

ஸ்டுடியோக்காரருக்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. ஐம்பது பேரும் அவரையே பார்த்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"நான்தாம்மா பறிச்சிட்டுப் போனேன்" என்றாள். "ஒரு பூ. உங்ககிட்டக் கேக்கல."

நர்சரியில் வேலை செய்கிறவர்கள் பூவில் கை வைக்கக் கூடாது. போன வருடம் ஒரு ரோஜாவுக்காக ஒருத்தி வேலையை விட்டே போக நேர்ந்தது. எல்லாருக்கும் அது தெரியும். நர்சரிக்காரம்மா முகம் மாறாமல், சரி, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டினார். ஸ்டுடியோக்காரர் வாங்கிக்கொண்டார். அவள் பறிக்கவில்லை, பொய் என்னுடையது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டு, கணக்கு வாத்தியார் படம் எடுக்கச் சிரிக்கவும் செய்தார். அவர் வாழ்நாளில் செய்த காரியங்களிலேயே கேவலமானது எது என்று கேட்டால் பொய் சொன்னதைச் சொல்ல மாட்டார், அந்தச் சிரிப்பைத்தான் சொல்வார்.

திரும்பி நடக்கும்போது மகள் கோப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். அம்மா திருடினாள் என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது, அதனால் வேகமாக நடந்தாள். ஸ்டுடியோக்காரர் குரலைத் தாழ்த்தி, ஏன் அப்படிச் சொன்னாய் என்று மனைவியிடம் கேட்டார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள். "கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் பாவமா இருந்துச்சு."

 அவள் திட்டியிருந்தால் இவருக்கும் எதிர்த்துப் பேச ஒரு வழி கிடைத்திருக்கும். பாவம் என்று விட்டுவிட்டாள். சொந்த வீட்டுப் படியேறக் கூச்சமாக இருந்தது அவருக்கு.

காலையில் அவள் வழக்கம்போல ஏழு மணிக்குப் போய்விட்டாள். அவர் கடையைத் திறக்கவில்லை. இருட்டறையில் உட்கார்ந்து மீதி முப்பத்தைந்து படங்களையும் நெகட்டிவ் அளவிலேயே சின்னச் சின்னதாக ஒரே தாளில் பிரிண்ட் போட்டார். முதல் தடவையாக அப்போதுதான் அவற்றை அவள் எடுத்த படங்களாகப் பார்த்தார். மலையும் தண்ணீரும் மேலே ஏறிக் கிடந்தாலும், அடியில் ஒவ்வொரு பூவும் நேராக நின்றது. ஒன்றுகூட ஆடவில்லை. தாள் காய்ந்தும் காயாமலும் அதை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார்.

நர்சரிக்காரம்மா கொட்டகையில் டேலியாக் கிழங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்கு அந்தப்புறம் நீளமான மேஜையில் அவள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ரோலின் நாக்கு, தகர டப்பா, நீர்த்தேக்கம், கதவைப் பற்றிச் சொன்ன பொய், கத்தரி, வெல்வெட் துணி. ஆச்சரியம் என்னவென்றால், ஆரம்பித்த பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை. நர்சரிக்காரம்மா மண் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"பூவோட ஒரு இலையும் சேர்ந்து வர்ற மாதிரி எடுத்திருக்கா பாருங்க" என்றார். "இலை தெரியலேன்னா செடி வாங்குறவங்க ஏமாந்து போவாங்க. இதை நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னைக்கு அவளுக்குக் கணக்கு முடிச்சு அனுப்புறதா இருந்தேன். இதையெல்லாம் அவகிட்டச் சொல்லியாச்சா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட எதுக்கு முதல்ல வந்தீங்க?"

 அந்நியரிடம் சொல்வது சுலபம் என்பதுதான் பதில். அவருக்கு அது அந்த நிமிடம்தான் தெரிந்தது. 

நர்சரிக்காரம்மா அவளைக் கூப்பிட்டார். அவள் கையை உதறிக்கொண்டே வந்து, புருஷனைப் பார்த்து, தாளைப் பார்த்து நின்றாள். உன் வேலைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, நேற்றுச் சொன்னதை மறந்துவிடு என்றார் நர்சரிக்காரம்மா. லேபிள் அறையில் இப்போது இருக்கும் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவளை எழுப்ப முடியாது, அடுத்த பூ சீசனுக்குப் படம் எடுக்க நீதான் என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப வேலை நேரம். வீட்டுக்குப் போங்க. வந்து கேட்டுக்கறேன்."

அவர் நேராகக் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போய்க் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இரண்டு பேர் எடுத்த படத்துக்கு நம் விதியில் இடமில்லையே என்று வருத்தப்பட்டார். நர்சரி முடிந்தது, சங்கம் முடிந்தது, பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தார். மத்தியானத்திலிருந்து காத்திருந்தார். உருளைக்கிழங்கு வேகவைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்ததில் தண்ணீர் சுண்டி அடிப்பிடித்தது. மணி நெருங்க நெருங்கத்தான் தெரிந்தது, பாரம் எதுவும் இறங்கவில்லை.

அவள் ஐந்தரைக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். கை கால் கழுவினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் ஒத்திகைப்படி ரோலின் நாக்கிலிருந்து ஆரம்பித்தார். சிவப்புக் கோடு, டப்பா, பள்ளிக்கூடப் பிரிண்ட் வேலை, அன்றைக்கு இருந்த அவசரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவள் கேட்டுக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினாள்.

"அதெல்லாம் உங்க தொழில். எனக்கு வேணாம். அன்னைக்கு நான் தப்பு செஞ்சேனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் மேஜையைப் பார்த்தார். நர்சரியில் தடையில்லாமல் வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. அடுப்பில் பாத்திரம் ஆறிக்கொண்டிருந்தது.

"நீ கதவைச் சரியாத்தான் மூடியிருந்தே" என்றார்.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். முகத்தை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தாள். அழுகிறாளா என்று அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவள் அடுத்த அறைப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டாள். பென்சிலும் கையுமாக வந்து வாசற்படியில் நின்றாள் மகள்.

"அன்னைக்கு இவ முன்னாடிதானே சொன்னீங்க" என்றாள் அவள். "இதையும் இவ முன்னாடி சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவளை நேருக்கு நேர் பார்த்துச் சொல்வதற்குப் பதிலாகக் கடைத்தெரு நடுவில் நின்று மைக்கில் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பார்.

"அம்மா கேமராக் கதவைச் சரியாத்தான் மூடியிருந்தா" என்றார். "பூவையும் பறிக்கல. அந்தப் படத்துல பூ அம்மா எடுத்தது. நான்தான் பொய் சொன்னேன்."

மகள் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். உதடு கோணியது. கையிலிருந்த பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சிரிச்சேனேம்மா" என்றாள். "தெனமும் சிரிச்சேன்."

அவள் மகளின் தலையில் கையை வைத்தாள். நகக்கண்ணில் மண் இருந்தது.

"உனக்கு என்ன தெரியும்? அப்பா சொன்னாரு, நம்பினே" என்றாள். "நானும்தான் நம்பினேன்."

அவர் எதிர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை.